தான்சானியா போய் பல்லு பிடுங்கலாமா டாக்டர்?

தர்மபுரி பக்கத்துல இருந்து பிடிஎஸ் (பல் டாக்டர் படிப்பு) ஃபைனல் இயர் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. ஒரு ஏஜென்சி ரெண்டு வாரம் தான்சானியாவுல அருஷாவுக்கு கூட்டிட்டு போறாங்களாம். காலைல டென்டல் கேம்ப், மத்தியானம் ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு பல் துலக்க சொல்லிக்கொடுக்கணும், கடைசில ரெண்டு நாள் சஃபாரி. "இங்க கிடைக்காத எக்ஸ்போஷர், பல்லெல்லாம் நீங்களே தனியா எடுக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. போகலாமா, போனா என்னென்ன ரெடி பண்ணணும்னு கேள்வி.

போகலாம்மா. ஆனா அந்த "நீங்களே தனியா"ங்கிற இடத்துலதான் எனக்கு உறுத்துது. நம்ம காலேஜ்ல உன் பின்னாடி ஒரு ஸ்டாஃப் நிக்காம ஒரு கீழ்க் கடவாய்ப்பல்ல தொட விடுவாங்களா? விட மாட்டாங்கல்ல. அப்ப அருஷாவுல இருக்கிற அம்மாவோட பல்லு மட்டும் என்ன வேற பல்லா? அதனால ஏஜென்சிகிட்ட முதல்ல கேக்க வேண்டியது ஃபீஸ் இல்ல, என் பக்கத்துல நிக்கப்போற டாக்டர் யாரு, அவருக்கு அந்த நாட்டு கவுன்சில்ல பதிவு இருக்கா, நாங்க கிளம்பினப்புறம் அந்த பேஷன்ட்ட யார் பாப்பாங்க, இந்த மூணுதான். தான்சானியாவுல டாக்டர், டென்டிஸ்ட் ரெண்டு பேருக்குமே டாங்கன்யிகா மெடிக்கல் கவுன்சில்தான். விசாவையும் கேளு, டூரிஸ்ட் விசாவுல போய் பேஷன்ட் வாயில கை வெக்கிற ஏற்பாடா இருந்தா அங்கயே கட் பண்ணிடு.

மூணாவது கேள்விய நான் ஏன் இவ்ளோ அழுத்துறேன்னா, நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு மலை கேம்புக்கு போயிருந்தோம், ஒரே நாள்ல அத்தனை பல்லு எடுத்துட்டோம்னு எண்ணிக்கை போட்டு ஃபோட்டோ எடுத்துட்டு பெருமையா இறங்கி வந்தோம், அடுத்த வாரம் ஒரு பெரியவர் ரெண்டு பஸ் மாறி தாடை வீங்கிப்போய் காலேஜுக்கே தேடி வந்துட்டார், எடுத்தது நான்தான். வலி ஆரம்பிச்சு நாலு நாள் ஆச்சு தம்பின்னார். பல் எடுத்த குழியில ரத்தம் சரியா உறையாம எலும்பு வெளிய தெரிஞ்சு வலிக்கிறத ட்ரை சாக்கெட்னு சொல்வோம், அந்த வலி பொதுவா பல் எடுத்து ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள வரும். அவருக்காவது ரெண்டு பஸ் இருந்துச்சு. நீ கேம்போட கடைசி நாள் எடுக்குற பல்லுக்கு வலி வர்றப்ப நீ ஃப்ளைட்ல இருப்ப.

அந்த நாட்டுலயே இதுக்கு நல்ல வழி ஒண்ணு காட்டியிருக்காங்க. பிரிட்ஜ்2எய்ட்னு ஒரு பிரிட்டிஷ் அமைப்பு, அவங்க கூட்டிட்டு போன டென்டிஸ்டுங்க வேலை பல்லு எடுக்குறது இல்ல, கிராமத்து ஹெல்த் வொர்க்கருக்கு வலியுள்ள பல்ல பாதுகாப்பா எடுக்க கத்துக்கொடுக்குறதுதான். டீம் கிளம்பினாலும் கை அங்கயே இருக்கும். ஸ்டூடன்டா உன்னால ட்ரெய்னிங் கொடுக்க முடியாது, சரி, ஆனா நீ போற ப்ரோகிராம் இந்த மாதிரி உள்ளூர் ஆளோட சேர்ந்து நடக்குதா இல்ல தனிக்கடை போடுதான்னு பாக்கலாம்ல.

நீ நிஜமா கை வெச்சு செய்யக்கூடிய வேலைன்னா ஏஆர்டி, அதாவது கைக்கருவியாலயே சொத்தைப் பல்ல அடைக்கிற முறை. ட்ரில் இல்ல, கரண்ட் வேணாம், எக்ஸ்கவேட்டர்ங்கிற சின்ன கரண்டி மாதிரி கருவில சொத்தைய சுரண்டி எடுத்துட்டு ஜிஐசிங்கிற பல் சிமென்ட் வெச்சு அடைக்கிறது. நாம புக்ல படிக்கிற இந்த முறையே 1980கள் நடுவுல தான்சானியாவுலதான் ஆரம்பிச்சது, அதனால நீ அங்க போய் அவங்களுக்கு கத்துத்தரப் போறதா நெனச்சுக்காத. ஒரு சின்ன டிப், வெயில்ல ஜிஐசி சீக்கிரம் இறுகிடும், நம்ம ஏசி கிளினிக் டைமிங்க நம்பாம கொஞ்சம் கொஞ்சமா கலக்கு. சொத்தை பரவாம நிறுத்த தடவுற சில்வர் டையமின் ஃப்ளோரைடு வெக்கிறாங்கன்னா சொத்தை கறுப்பாயிடும்னு அம்மாகிட்ட முன்னாடியே ஃபோட்டோ காட்டி சொல்லி சம்மதம் வாங்கணும், இல்லேன்னா பிள்ளையோட முன்பல்லு கறுத்துப்போய் அந்த ஊரே உங்கள திட்டும், திட்டுறதுல நியாயமும் இருக்கு. ஜிஐசி, இந்த சில்வர் மருந்து, ஃப்ளோரைடு பேஸ்ட் மூணையும் உலக சுகாதார நிறுவனம் 2021ல அத்தியாவசிய மருந்து பட்டியல்ல சேர்த்தாச்சு.

பிள்ளைங்களுக்கு மரத்துப்போற ஊசி போடுற கேம்பா இருந்தா எடை மெஷின் இருக்கான்னு கேளு. 15 கிலோ பிள்ளைக்கு அந்த மரத்துப்போற மருந்து லிக்னோகெய்ன் கிலோவுக்கு அதிகபட்சம் 4.4 மில்லிகிராம்னா 66 மில்லிகிராம், 2 சதவீத மருந்துல அது 3.3 மில்லிதான். கருவிகள நீராவில கிருமி நீக்குற ஆட்டோகிளேவையும் நேர்ல பாக்கணும், 121 டிகிரில 15 நிமிஷம் ஓடுதா, நாள் பூரா வர்ற கூட்டத்துக்கு பல் பிடுங்குற ஃபோர்செப்ஸ் எத்தனை செட் இருக்குன்னு எண்ணு. கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்குறாங்கன்னா க்ளவுஸ கழட்டி வெச்சுட்டு வந்துடு, சங்கடமா இருந்தாலும் பரவால்ல.

ஸ்கூல் ப்ரோகிராமுக்கு வருவோம், உன்னால அதிகமா உதவ முடியுறது இங்கதான்னு நெனக்கிறேன், நீ தர்மபுரிக்காரிங்கிறதால சொல்றேன். அருஷா பக்கம் மேரு மலைய சுத்தி தண்ணில ஃப்ளோரைடு ரொம்ப அதிகம், பல்லுல கறை புடிக்கிற அளவுக்கு. மாஜி யா சாய்னு ஒரு ஊரே இருக்கு, டீத்தண்ணின்னு அர்த்தம், ஆத்துத் தண்ணி அந்த நிறம். அங்க பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கறை பாத்தா துலக்காம விட்டதுன்னு புதுசா வர்றவங்க திட்டிடுவாங்க, ஆனா உனக்கு அது சின்ன வயசுல இருந்து பாத்த பல்லு, ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடி உங்க ஊர் போர்வெல் குடிச்சவங்க பல்லு. அந்தக் கறை துலக்கி போகாதுன்னு அந்த பிள்ளைகிட்ட சொல்றதே பாதி வைத்தியம். சமையலுக்கு மகாடின்னு ஒரு உப்பு சேப்பாங்க, பீன்ஸ் சீக்கிரம் வேகும்னு, அதுலயும் ஃப்ளோரைடு வரும். அதுக்காக ஃப்ளோரைடு பேஸ்ட் வேணாம்னு சொல்லிடாத, மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு போதும், முழுங்காம துப்பணும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, நைலான் பல்லு. மேனோ யா நைலோனின்னு சொல்வாங்க. கைக்குழந்தைக்கு காய்ச்சல், வயித்தால போகுதுன்னா ஈறுக்குள்ள வெள்ளையா தெரியுற கோரைப்பல் மொட்டுதான் காரணம்னு நெனச்சு, நாட்டு வைத்தியர் சைக்கிள் கம்பி மாதிரி எதையாவது வெச்சு கிண்டி எடுத்துடுவார். ரத்தம் போகும், சீழ் புடிக்கும், பின்னாடி வர்ற நிரந்தரப் பல்லும் கெட்டுப்போகும். கேட்டதும் ஐயோன்னு தோணும், ஆனா பல்லு முளைக்குறப்ப வயித்தால போகும்னு நம்ம பாட்டிங்களும் சொன்னவங்கதான, அதனால மூடநம்பிக்கைன்னு ஆரம்பிச்சா அந்த அம்மா எழுந்து போயிடும். வயித்தால போனா ஓஆர்எஸ் கரைச்சு கொடுங்க, வெள்ளையா தெரியுறது பல்லு தானா வர்றதுக்கான அடையாளம், இத உள்ளூர் நர்ஸ் வாயால சுவாஹிலில சொல்ல வைக்கணும். நீ பக்கத்துல பல் மாடல் பிடிச்சுட்டு நின்னா போதும்.

இலவச பிரஷ் மூட்டை கட்டிட்டு போறதுல எனக்கு பெரிசா நம்பிக்கை இல்ல. மூணு மாசத்துல நார் வளைஞ்சிடும், அப்புறம்? முதல் நாளே ஊர்க்கடைல ஃப்ளோரைடு பேஸ்ட் என்ன விலைக்கு விக்குது, சின்ன ட்யூப் கிடைக்குதான்னு பாத்துட்டு அத வெச்சு பேசு.

உன் உடம்புக்கு: ஹெபடைடிஸ் பி மூணு ஊசி போட ஆறு மாசம் ஆகும், காலேஜ்லயே போட்டிருப்ப, இருந்தாலும் டைட்டர், அதாவது ரத்தத்துல எதிர்ப்புசக்தி அளவு, பாத்துக்கோ, 10க்கு மேல இருக்கணும். பேஷன்ட்டுக்குப் போட்ட ஊசி தவறி உன் கைல குத்திட்டா எச்ஐவிக்கான தடுப்பு மாத்திரைய சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனமில்ல, 28 நாள் சாப்பிடணும், அது எந்த ஆஸ்பத்திரில கிடைக்கும்னு போறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோ. ஃப்ளைட் கென்யா, எத்தியோப்பியா வழியா போகுதுன்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி பத்தி டிக்கெட் போடும்போதே விசாரி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, கிளம்ப 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தா வெயில்ல தோல் எரியும், தொப்பி எடுத்துக்கோ.

அப்புறம் பிள்ளைங்க வாயத் தொறந்து நிக்கிற ஃபோட்டோவ ஸ்டேட்டஸ் போடாதம்மா. உன் தம்பி வாய யாராவது அப்படி போட்டா சும்மா இருப்பியா?

ஏஜென்சி அந்த மூணு கேள்விக்கும் எழுத்துல பதில் தரலன்னா காச அப்படியே வெச்சுக்கோ. ஹவுஸ் சர்ஜன் ஆனதும் ஜவ்வாது மலை கேம்ப் போஸ்டிங் கேட்டு வாங்கு, பாஷைப் பிரச்சனையே இல்ல, அடுத்த வாரம் போய் தையலும் பிரிக்கலாம்.