ஈயம் படிந்த மண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பழைய வீட்டுத் தோட்டத்து மண்ணில் கிலோவுக்கு 450 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. நுண்ணுயிர் உரம் போட்டால் சிதைந்துவிடுமா?

சிதையாது. ஈயம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதைத் தின்று தீர்க்க முடியாது. அப்படிச் சொல்லி விற்கும் பொட்டலங்களை வாங்காதீர்கள். நாம் செய்யக்கூடியது, ஈயத்தை இருக்கும் இடத்திலேயே முடக்கி வைப்பதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த எச்சரிக்கை அளவு 400. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. உங்கள் 450 அலட்சியப்படுத்தும் அளவு அல்ல. ஆனால் மாதிரியை எங்கே எடுத்தீர்கள்? கூரைத் தண்ணீர் சொட்டும் சுவரோரத்தில் உரிந்த பெயின்ட் செதில்கள் புதைந்திருக்கும். அங்கே கிடைக்கும் எண்ணுக்கும் தோட்டத்தின் நடுவில் கிடைக்கும் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாம். இடத்துக்கு இடம் தனித்தனியாக எடுத்துச் சோதியுங்கள்.

பாஸ்பேட் உரம் ஈயத்தைக் கட்டிப்போடும் என்கிறார்களே?

உண்மைதான். பாஸ்பேட்டும் குளோரைடும் ஈயத்தோடு சேர்ந்தால் பைரோமார்ஃபைட் என்ற கனிமம் உருவாகும். அது தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் ஒரு குடியிருப்புப் பகுதியின் மண்ணில் மீன் எலும்புத் தூளைக் கலந்தது இந்த வேதியியலை நம்பித்தான். மேலே தூவிவிட்டுப் போனால் பலன் இல்லை. ஈயம் தங்கியிருக்கும் ஆழம் வரை கலந்து, ஈரம் காக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. மறுபரிசோதனையில் மொத்த ஈயத்தின் அளவு குறைந்திருக்காது. உடலில் சேரக்கூடிய பங்குதான் குறையும். அதற்கான சோதனை வேறு. இரண்டாவது, அந்த நிலம் முன்பு பழத்தோட்டமாக இருந்ததா? ஈயமும் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளும் சேர்ந்த லெட் ஆர்சனேட் பூச்சிமருந்து தெளித்த மண்ணில் பாஸ்பேட் போட்டால் அது ஆர்செனிக்கை இடம்பெயர்த்து விடுவித்துவிடும். ஆர்செனிக்கையும் சோதித்த பிறகே கை வையுங்கள்.

சுண்ணாம்பு போடலாமா?

மண் அமிலத்தன்மையுடன் இருந்தால் போடலாம். அமில மண்ணில் ஈயம் அதிகம் கரையும். பி.எச். அளவு 6.5 முதல் 7 வரை இருந்தால் போதும்.

சூரியகாந்தி, கடுகுச் செடிகள் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடுமா?

படத்தில் அழகாக இருக்கும். நடப்பில் மிக மெதுவான வேலை. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடுகிறது. அதை மேலே ஏற்ற, உலோகங்களைப் பிடித்துக் கரைக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அது ஈயத்தைக் கரைத்து நிலத்தடி நீருக்கும் அனுப்பிவிடும். வேண்டவே வேண்டாம்.

மண்ணைச் சரிசெய்யும்வரை என்ன பயிரிடலாம்?

தக்காளி, வெண்டை போன்ற காய்களில் ஈயம் மிகக் குறைவாகவே சேரும். கீரையில் சிக்கல் வேறு: மழைத்துளி தெறித்து இலையின் அடிப்புறத்தில் ஒட்டும் மண்தான் வாய்க்குள் போகிறது. கிழங்குகளையும் தவிருங்கள். கீரை வேண்டுமென்றால் தடுப்புத்துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணால் உயரப்பாத்தி கட்டுங்கள். வெறும் தரையை மூடாக்கோ புல்லோ போட்டு மறையுங்கள். காய்ந்த மண்ணைக் கிளறாதீர்கள். தண்ணீர் தெளித்த பிறகே தோண்டுங்கள். செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பாஸ்பேட்டுக்கு முன்பே இவற்றைத் தொடங்கிவிடுங்கள்.