புடைத்துத் தெரிவது நரம்பா?

கேள்வி: எனக்கு 34 வயது. முன்கையில் நரம்புகள் பச்சையாகப் புடைத்துத் தெரிகின்றன. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். சில வாரங்களாகக் காலையில் எழும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா, டாக்டர்?

பதில்: இல்லை. நீங்கள் பார்ப்பது நரம்பே அல்ல, ரத்தக்குழாய். இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கவில்லை' என்று நாங்களே சொல்கிறோம். இந்தக் குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. தோலுக்கடியில் கொழுப்பு குறைந்தவர்களுக்கும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் சிரை எடுப்பாகத்தான் தெரியும். அதற்கு மாத்திரை வேண்டாம். 'நரம்புத் தளர்ச்சி' என்பதோ அசதி, நடுக்கம், பதற்றம் எல்லாவற்றுக்கும் சூட்டப்படும் பெயர். அதை விட்டுவிடுங்கள்.

சரி, விரல் விஷயத்துக்கு வருவோம். அதுதான் நிஜமான நரம்பின் வேலை. நரம்பு வெளிறிய நூல்கட்டு போல இருக்கும்; அதில் ஓடுவது மின் சமிக்ஞை. மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்துப் பகுதியில் கிளம்புபவை அக்குள் பக்கம் பின்னிப் பிரிந்து கைக்கு வருகின்றன. அவற்றில் அல்நார் நரம்பு சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்வு தருகிறது. முழங்கையின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், தோலை ஒட்டியே அது போகிறது. அங்கே இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதேதான். இடிபட்டது முழங்கை, ஆனால் அந்த நரம்பில் வரும் சேதியை விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

கையை மடக்கித் தூங்கும்போது அந்த நரம்பு இழுபட்டு நசுங்குகிறது. உங்களுக்கும் அநேகமாக அதுதான். இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டுங்கள், மடங்காது. மேஜையில் முழங்கையை ஊன்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் கதை வேறு: அது பெரும்பாலும் மணிக்கட்டில் நசுங்கும் நரம்பு. இரண்டு பாதங்களும் மரத்தால் முதலில் சர்க்கரையையும் பி12 அளவையும் பார்ப்போம்.

ஒரு மாதத்தில் குறையாவிட்டாலோ, பிடி தளர்ந்து சாமான் நழுவினாலோ நேரில் காட்டுங்கள். நரம்பில் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து பார்த்துவிடலாம். ஆனால் ஒருபக்கக் கை திடீரென்று விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் துண்டு கட்டிக் காத்திருக்க வேண்டாம். அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.