இத்தாலியப் பெயரடைகளில் அழுத்தம் எந்த அசையில் விழும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலான சொற்களில் அழுத்தக் குறியே போடுவதில்லையே, எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விகுதியைப் பாருங்கள். பெயரடைகளில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கீழே வரும் இத்தாலியச் சொற்களில் க, த, ப மூன்றையும் சொல்லின் முதலில் வருவது போல வல்லொலியாகவும், ச-வை 'பச்சை'யில் வருவது போலவும் படியுங்கள். அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால் நெடிலாக எழுதியிருக்கிறேன். இத்தாலியர்களும் அதை இழுத்துத்தான் சொல்வார்கள். மெய்யில் முடிந்தால் இழுக்க மாட்டார்கள். நோ-னொ என்றால் 'ஒன்பதாவது'. நொன்-னொ என்றால் 'தாத்தா'. இரட்டை மெய் இப்படி நடுவில் பிரியும். குறில், நெடில், ஒற்று மூன்றும் நமக்குப் பழகியவை, அதனால் இது சீக்கிரம் பிடிபடும். 'ஸ்' மட்டும் வேறு மாதிரி: பின்னால் மெய் வந்தால் எழுத்தில் அடுத்த அசைக்குப் போய்விடும். த்ரி-ஸ்தெ (சோகமான) என்றுதான் பிரிக்க வேண்டும், ஆனால் அங்கே உயிர் நீளாது.

பொதுவாக அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஃபா-ம என்றால் புகழ். '-ஓஸொ' சேர்ந்ததும் ஃப-மோ-ஸொ, 'புகழ்பெற்ற'. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டது பாருங்கள். '-இஸ்ஸிமொ' வந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: ஃபா-சி-லெ (எளிதான), ஃப-சி-லிஸ்-ஸி-மொ (மிக எளிதான). '-ஏவொலெ'வும் அப்படியே: ப்ய-சே-வொ-லெ (இனிமையான).

'-இலெ' என்று முடிபவற்றை மட்டும் நம்ப முடியாது. ஃபா-சி-லெ ஒரு பக்கம், ஜென்-தீ-லெ (பண்பான) இன்னொரு பக்கம். காரணம் லத்தீன். அங்கே முதல் சொல்லில் அந்த இகரம் குறில், இரண்டாவதில் நெடில். இவற்றை அகராதி பார்த்து ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆண்பால் பன்மை. '-கொ' என்று முடியும் பெயரடையில், பன்மையில் 'கி' வருமா 'சி' வருமா என்பதைப் பெரும்பாலும் அழுத்தமே முடிவு செய்கிறது. அன்-தீ-கொ (பழமையான) கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் பெறுவதால் அன்-தீ-கி. ஸிம்-பா-தி-கொ (பழக இனிமையான) அதற்கும் முந்தைய அசையில் பெறுவதால் ஸிம்-பா-தி-சி. அதாவது, அழுத்தத்தைத் தவறாகப் பிடித்தால் இலக்கணமும் தவறிவிடும். பெண்பால் பன்மையில் இந்தச் சிக்கல் இல்லை, எப்போதும் 'கெ'தான். ஆண்பாலில் விதிவிலக்குகளும் உண்டு: கா-ரி-கொ (சுமை ஏற்றிய) பன்மையில் கா-ரி-கி ஆகும், 'சி' வராது.