நாலு கணினி சேர்த்தும் ஓப்பன்ஃபோம் மெதுவாக ஓடுவது ஏன்?

ஓப்பன்ஃபோம் என்பது காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள். 2 லட்சம் செல் (கணக்குக்காக இடத்தைப் பிரித்த சின்னத் துண்டு) உள்ள ஒரு கேஸை, அதாவது ஒரு கணக்கை, அலுவலக ஈதர்நெட்டில் இணைத்த 4 கணினிகளில் 16 பிராசஸாகப் பிரித்தால், ஒற்றைக் கணினியை விட மெதுவாக ஓடக்கூடும். உங்கள் அமைப்பில் பிழை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பிராசஸுக்கு 12,500 செல்தான் வருகிறது. கணக்குப் போடும் நேரத்தை விடப் பக்கத்துக் கணினியின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அதிகம்.

காரணம் பெரும்பாலும் அழுத்தச் சமன்பாடு. அதைத் தீர்க்கும் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா பிராசஸும் ஒரு கூட்டுத்தொகைக்காக நின்று காத்திருக்கும். அலுவலக ஈதர்நெட்டில் ஒரு சின்னச் செய்தி போய்ச் சேரவே பல பத்து மைக்ரோ நொடி ஆகும், இன்ஃபினிபேண்டில் (சூப்பர் கணினிகளில் பயன்படும் வேக இணைப்பு) ஒன்றிரண்டுதான். கேபிளை மாற்றினாலும் இந்தத் தாமதம் போகாது.

சரி, இதைச் சோதித்துப் பாருங்கள்:

1. அதே கேஸை ஒரே கணினியில் 4 பிராசஸாக, அப்புறம் இரண்டு கணினியில் 8 ஆக ஓட்டி, லாக்கில் ஒரு டைம் ஸ்டெப்புக்கு ஆகும் கிளாக்டைமை (ClockTime, கடிகாரப்படி கடந்த நேரம்) ஒப்பிடுங்கள்.
2. எல்லாக் கணினியிலும் ஈத்டூல் (ethtool, நெட்வொர்க் வேகத்தைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) போட்டு வேகம் 1000 Mb/s என்று வருகிறதா பாருங்கள். பழைய கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

ஒன்று கவனியுங்கள்: நாலில் ஒன்று பழைய மாடல் என்றால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்கும். அதைக் கழற்றிவிடுவதே மேல்.

ஓட்ட வேண்டிய கேஸ்கள் பல இருந்தால், பிரிக்கவே வேண்டாம். கணினிக்கு ஒரு கேஸ் கொடுங்கள்.