குரோமோசோம் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி: கேள்வி பதில்

சென்னையில் குரோமோசோம் லேப்பில் இருபத்தெட்டு வருடம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குரோமோசோம்களின் போட்டோவைச் சின்னக் கத்தரியால் வெட்டி, ஜோடி ஜோடியாகப் பேப்பரில் ஒட்டுவோம். ஃபேன் போட்டால் பறந்துவிடும். டாக்டர் இல்லை, மருந்து, டோஸ் கேட்காதீர்கள். மற்றதைக் கேளுங்கள்.

பெரம்பூர், ஒரு பாட்டி: பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள், இன்னும் ஐசியுவில். கைவிரல்களை மடக்கியே வைத்திருக்கிறாள். எட்வர்ட்ஸ் என்று சந்தேகிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஏன் மூன்று வாரம்?

சுட்டுவிரல் நடுவிரல் மேலும், சுண்டுவிரல் மோதிரவிரல் மேலும் ஏறி நிற்கிறதா? அதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்திருக்கும். குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் நூல், ஜோடி ஜோடியாக மொத்தம் 46. எட்வர்ட்ஸ் என்றால் 18-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. 1960-இல் இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ் என்பவர் எழுதியது. ஏறக்குறைய ஐயாயிரம், ஆறாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

குரோமோசோம் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது, செல் பிரியும்போதுதான் தெரியும். எனவே ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்க்க வேண்டும். அவற்றைப் பிரியத் தூண்டும் பொருள் ராஜ்மா பயறிலிருந்து எடுப்பது. பிரியும் நடுவில் நிறுத்திவைக்கக் கால்சிசின் வகை மருந்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் அந்தக் கால்சிசின் உண்டு. அப்புறம் சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லாக எண்ணி, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அவசரம் என்றால் ஃபிஷ் டெஸ்ட் (குறிப்பிட்ட குரோமோசோமை மட்டும் ஒளிரவைத்து எண்ணுவது) கேளுங்கள், இரண்டு மூன்று நாளில் வரும். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் லேப்புக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும், மொத்தம் எத்தனை குரோமோசோம், மாற்றம் எதில் என்று '46' அல்லது '47' என்ற எண்ணோடு சொல்லும் அந்த ஒரு வரியைப் போட்டோ எடுத்து வையுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

தாம்பரம்: என் மகனுக்கும் எட்வர்ட்ஸ். எத்தனை நாள் இருப்பான்?

நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயதைத் தாண்டுவது நூற்றில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகள். இதயத்தில் ஓட்டை, திடீரென்று மூச்சு நின்றுபோவது, இவைதான் பெரிய ஆபத்து. சில செல்களில் மட்டும் கூடுதல் இருக்கும் 'மொசைக்' வகையில் கதை வேறாக இருக்கலாம். அந்த ஒரு வரியில் அதுவும் தெரியும். குழாய் வழியாகப் பால் கொடுக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று குழந்தை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பேர் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று பேர்: கிரகணத்தன்று வெளியே போனதால் வந்ததா?

இல்லை.

அம்பத்தூர்: மகள் பூனைக்குட்டி போல அழுகிறாள். 5-ஆம் குரோமோசோமில் துண்டு இல்லையாம். அதற்கு முன் இரண்டு கரு கலைந்தது. எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். இதன் பேர் 'க்ரி டு ஷா', பிரெஞ்சில் 'பூனையின் அழுகை'. பிரெஞ்சுக்காரர் லெஜூன் 1963-இல் விவரித்த நிலை. அழுகை அப்படிக் கேட்பது குரல்வளையின் அமைப்பால். இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையில் புதிதாக நேர்ந்த இழப்பு. அப்படி இழந்ததும் பல நேரம் அப்பா வழி வந்த குரோமோசோமில். இதை உங்களைச் சொல்கிறவர்களிடம் சொல்லுங்கள்.

ஆனால் நூற்றில் பத்துப் பதினைந்து வீடுகளில் விஷயம் வேறு. குரோமோசோமை நிலப் பத்திரம் என்று நினையுங்கள். ஐந்தாம் பத்திரத்தில் இருக்க வேண்டிய துண்டு நிலம் பன்னிரண்டாம் பத்திரத்தில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ இரண்டு பத்திரமும் இருப்பதால் மொத்த நிலம் குறையவில்லை, அவர் நன்றாக இருப்பார். குழந்தைக்குக் குறைந்த ஐந்தாம் பத்திரமும், சாதாரணப் பன்னிரண்டாம் பத்திரமும் போனால் நிலம் குறைகிறது. மாற்றிப் போனால் கூடுகிறது. கரு கலைவதற்கும் இது காரணமாகலாம். உங்களுக்கு இரண்டு முறை கலைந்திருப்பதால் சொல்கிறேன்: அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் காரியோடைப் (குரோமோசோம்களை எண்ணி ஜோடியாக அடுக்கிப் பார்க்கும் சோதனை) பாருங்கள். இருவரும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று கணவர் வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வில்லிவாக்கம்: தாய்மாமனைக் கட்டினேன். மாமியார் என் சொந்தப் பாட்டி. கல்யாணத்தை முடித்துவைத்த அவரே, குழந்தைக்கு எட்வர்ட்ஸ் வந்தது அதனால்தான் என்கிறார்.

இல்லை. 18 மூன்றானது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது பிரிந்ததில் நேர்ந்த பிழை, பெரும்பாலும் கருமுட்டையில். அம்மாவின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும், சின்ன வயதிலும் நேரும். உறவுக்கு இதில் பங்கில்லை.

அண்ணாநகர், ஓர் ஐயா: அப்போது சொந்தத்தில் கட்டலாம் என்கிறீர்களா?

நான் சொன்னதைச் சொன்னபடி படியுங்கள் ஐயா. இருவரும் ஒரே கெட்ட மரபணுவைச் சுமந்தால் வரும் நோய்கள் சொந்தத்தில் கூடுதலாக வரும். எட்வர்ட்ஸ் அந்தக் கணக்கில் இல்லை.

திருவொற்றியூர்: எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சொந்தம்தான். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ஹெல்மெட் இல்லாமல் நாற்பது வருடம் ஓட்டியவரும் இதையேதான் சொல்வார்.

மறுபடி அண்ணாநகர் ஐயா: ஆகவே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்...

மறுபடி திருவொற்றியூர்: எங்கள் வழக்கத்தில் கைவைக்க நீங்கள் யார்...

இரண்டு பேரும் வெளியே டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். வில்லிவாக்கத்துப் பெண் கேட்டது வேறு. அம்மா, பாட்டியை அடுத்த முறை கவுன்சலிங்குக்குக் கூடவே கூட்டிப்போங்கள். அவர் காதில் டாக்டர் சொல்லட்டும்.

வேளச்சேரி: பதின்மூன்று வாரம். என்ஐபிடியில் 18-க்கு 'ஹை ரிஸ்க்'. கலைத்துவிடலாமா?

என்ஐபிடி என்பது அம்மாவின் ரத்தத்தை வைத்துச் சிசுவின் குரோமோசோமைக் கணிப்பது. அது சல்லடை, தீர்ப்பு இல்லை. சல்லடை, தீர்ப்பு இல்லை. நச்சுக்கொடி சோதனை இப்போதே முடியும். பனிக்குட நீர்ச் சோதனை என்றால் பதினாறு வாரம் வாக்கில். 2021 சட்டத் திருத்தப்படி, சிசுவுக்குப் பெரிய குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பின்னும் மெடிக்கல் போர்டு முடிவெடுக்க வழி உண்டு, ஆகவே அவசரப்படாதீர்கள். ஆணா பெண்ணா என்று லேப்பில் கேட்காதீர்கள், 1994 சட்டப்படி சொல்ல மாட்டோம்.

இன்னும் இரண்டு பேர்: என்ஐபிடி...

மேலே பாருங்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சை? நாலு லட்சம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். கூடுதல் குரோமோசோமை உடம்பு முழுக்க யாரும் எடுக்க முடியாது.

பிசியோதெரபி, ஊனச் சான்றிதழ்?

என் துறை இல்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், முட்டுக்காட்டில் உள்ள பலவகைக் குறைபாடுகள் உடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் கேளுங்கள்.

மறுபடி பெரம்பூர் பாட்டி: ஃபிஷ் வந்துவிட்டது. 18 மூன்று இருக்கிறது. மகளுக்கு இன்னும் தெரியாது. தையல் ஆறும் வரை மறைக்கலாமா?

வேண்டாம்மா. நர்ஸ் முகத்திலேயே அவள் பாதி படித்திருப்பாள். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். ஃபிஷ் எத்தனை என்றுதான் சொல்லும். மூன்றாவது தனியாக நிற்கிறதா, வேறொன்றோடு ஒட்டியிருக்கிறதா என்பது காரியோடைப்பில்தான். ஒட்டியிருந்தால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சோதனை. வந்ததும் அந்த வரியை இங்கே அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். பேத்திக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.