எலுமிச்சையா வினிகரா, எது அதிகப் புளிப்பு? நிறங்காட்டிச் சோதனை: கேள்வி-பதில்

கேள்வி: ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் தனித்தனியாக விட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி சிவந்துவிட்டன. எதில் அமிலம் அதிகம்?

பதில்: நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவுகோல் பிஎச்: 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் வலுக்கும், ஏற ஏறக் காரம் வலுக்கும். அது 3-க்குக் கீழே போய்விட்டால் முட்டைக்கோஸ் சாறு சிவப்போடு நின்றுவிடும். எலுமிச்சை 2-ஐ ஒட்டி இருக்கும், வினிகர் பெரும்பாலும் 2.5-ஐ ஒட்டி. இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. அதனால் அரைப் படியே மூன்று மடங்கு வித்தியாசம்தான், ஆனால் கண் அதைப் பிடிக்காது.

வேறு வழி இருக்கிறது. இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் ஒரே அளவு முட்டைக்கோஸ் சாறு எடுத்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு பத்துச் சொட்டு, மற்றதில் வினிகர் பத்துச் சொட்டு விடுங்கள். அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே எண்ணுங்கள். சிவப்பு போய் ஊதா வந்து நிலைக்கும் இடம்தான் கணக்கு. அவசரப்படாதீர்கள்: ஒவ்வொரு சொட்டுக்கும் நுரை அடங்கும்வரை கலக்க வேண்டும். கரைந்து நிற்கும் கரியமில வாயுவும் ஓர் அமிலம்தான், எண்ணிக்கையைக் குழப்பிவிடும். இப்படிக் கிடைப்பது பிஎச் அல்ல, மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது. பிஎச்சில் பின்தங்கிய வினிகர் இதில் எலுமிச்சைக்குக் கிட்டத்தட்ட ஈடாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எனக்குப் பிடித்த சோதனையே இதுதான்.

கேள்வி: ப்ளீச் விட்டதும் சாற்றின் நிறமே போய்விட்டது. அப்படியானால் அது நடுநிலையா?

பதில்: இல்லவே இல்லை. ப்ளீச் கடும் காரம், பிஎச் 11-க்கு மேல். நிறம் மாறவில்லை, நிறமியே அழிந்துபோனது. அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும் லிட்மஸ் தாளையும் இப்படித்தான் வெளுக்க வைக்கும். உங்கள் பட்டியலிலிருந்து ப்ளீச்சை எடுத்துவிடுங்கள். முக்கியமாக, சோதனை முடிந்து மிச்சத்தை எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ப்ளீச்சோடு வினிகரோ அமிலக் கழிப்பறைத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: மஞ்சள் தூள் கரைசலில் எலுமிச்சை பிழிந்தேன், ஒன்றுமே ஆகவில்லை. தூளில் கலப்படமோ?

பதில்: தூளைச் சந்தேகப்படாதீர்கள். மஞ்சள், அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவே இருக்கும். காரம் பட்டால்தான் செம்பழுப்பாகும். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டதும் திடீரென்று சிவக்கிறதே, அதேதான். அமிலத்தையும் இதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்: மஞ்சள் தோய்த்த தாளைச் சலவை சோடாக் கரைசலில் நனைத்துச் சிவக்க வைத்து, அதன்மேல் எலுமிச்சைச் சொட்டு வையுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் பழையபடி மஞ்சளாகும்.

கேள்வி: பாலில் சிவப்பு லிட்மஸும் மாறவில்லை, நீல லிட்மஸும் சரியாக மாறவில்லை. என் தாள் பழசோ?

பதில்: தாள் பழசாகவும் இருக்கலாம், ஆனால் காரணம் அதுவாக இருக்க வேண்டியதில்லை. லிட்மஸ் முழுச் சிவப்பாக பிஎச் 4.5 அளவுக்கு இறங்க வேண்டும், முழு நீலமாக 8.3 அளவுக்கு ஏற வேண்டும். பால் சுமார் 6.6, நடுவில் மாட்டிக்கொள்கிறது. லிட்மஸ் மாறவில்லை என்பதால் நடுநிலை என்று எழுதிவிடாதீர்கள். பால் லேசான அமிலம்.

கேள்வி: காய்ச்சி வடித்த நீர் 7 காட்ட வேண்டாமா? எனக்கு 6-க்கும் கீழே காட்டுகிறது.

பதில்: திறந்து வைத்தீர்கள் அல்லவா? காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து 5.6 வரை இறக்கிவிடும். சுத்தமான மழைநீரும் அப்படித்தான்.

கேள்வி: முட்டைக்கோஸ் சாறு இரண்டு நாளில் நாறுகிறதே?

பதில்: ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், ஒரு சோதனைக்கு ஒரு கட்டி. அல்லது வடிதாளை அதில் ஊறவைத்து நிழலில் காயவைத்துக் கீற்றுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். தொடும் கை உலர்ந்திருக்கட்டும். சோப்புக் கையால் எடுத்தால் சோதனைக்கு முன்பே தாள் பச்சையாகிவிடும்.