ஐந்தாம் இடத்துக்குப் பாதிப் பணம்தான் வருமா?

உங்களை யாரும் ஏமாற்றவில்லை நண்பரே, இது டெட் ஹீட் விதி, அதாவது ஒரே இடத்தைப் பலர் பங்குபோட்டால் நீங்கள் கட்டிய பணத்தையும் அப்படியே பங்குபோடுவது. 2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் சுங்ஜே இம் என்ற வீரர் மேல் 60-க்கு 1 விலையில் (ஒன்று கட்டினால் 60 லாபம்) 10 பவுண்டு ஈச் வே கட்டியிருக்கிறீர்கள், அதாவது மொத்தம் 20: பத்து அவர் ஜெயிப்பதற்கு, பத்து முதல் ஐந்துக்குள் வருவதற்கு. முதல் பத்து போச்சு, சரி. இரண்டாவதுக்கு விலையில் நாலில் ஒரு பங்கு, 15-க்கு 1, ஆக 160 வரும் என்று கணக்குப் போட்டீர்கள், கையில் வந்தது 80.

மெக்கில்ராய், ரோஸ், ரீட், ஷெஃப்லர் என்று நாலு இடம் தனித்தனியாகப் போய்விட்டது, மீதி இருந்த ஒரே இடத்தை இம்மும் பிரைசன் டிஷாம்போவும் 7 அண்டரில் (நிர்ணயித்த அடிகளைவிட 7 குறைவு) பங்குபோட்டுக்கொண்டார்கள், அதனால் உங்கள் பத்தில் ஐந்து பவுண்டுதான் ஜெயித்ததாகக் கணக்கு: 75 லாபம், கூட அந்த ஐந்து. முதலிடத்தில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது, பிளேஆஃப் என்ற கூடுதல் ஆட்டம் வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை விலையை மட்டும் பார்க்காமல் பந்தயம் வாங்குபவர்கள் எத்தனை இடத்துக்குப் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள். எட்டு இடம், ஐந்தில் ஒரு பங்கு என்று தருபவரிடம் இதையே கட்டியிருந்தால், பங்கு குறைவாக இருந்தும் 130 முழுசாக வந்திருக்கும். கோல்ஃபில் ஒரே ஸ்கோரில் நாலைந்து பேர் நிற்பது சர்வசாதாரணம். அப்புறம், ஷெஃப்லர் மாதிரி எல்லாரும் நம்புகிற ஆளுக்கு ஈச் வே கட்டாதீர்கள், 4-க்கு 1-இல் நாலில் ஒரு பங்கு என்றால் இடம் பிடித்தாலும் போட்ட மொத்தப் பணம்தான் திரும்பும்.